கருக்காத நுனி

பேத்தி மணிமாலைக்குக் கொக்கி மாட்டி முடிச்சுப் போட்டு, நழுவாமலிருக்க நைலான் நுனியை நெருப்பில் கருக்கினாள். அந்த நெடி பட்டதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது.

சேந்தமங்கலத்தில் அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள். எனக்குப் பத்து வயது. “நுனியை ஊதுபத்தில கருக்கிக் குடு சாமி” என்று, தான் நைலானில் கோத்த மணிமாலையை என்னிடம் தந்தாள். காலையில் அப்பாவிடம் என்னை மாட்டிவிட்டவள் அவள். அந்த வன்மத்தில் கருக்காமலே கொடுத்தேன்.

காபி கொடுக்கக் குனிந்தாள். கழுத்து மாலையின் முடிச்சு நழுவி மணிகள் சிதறின. “சகுனம் சரியில்லீங்க” என்று எழுந்து போனார்கள், அந்த மடையர்கள். அப்பா அக்காவை அறைந்தார்.

“முடிச்சு நாந்தான் சரியாப் போடலீங்கப்பா” என்றாள்.

பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அவள் சாகும்வரை திறக்கவில்லை, கோழை.

“இழுத்துப் பாருங்க தாத்தா, அவுறாது” என்று பேத்தி மாலையை நீட்டுகிறாள். அதைத் தொடும் யோக்கியதை எனக்கில்லை.