தார்ப்பாயை யாரும் வெட்டவில்லை

மூன்று வாரங்களுக்கு முன் இதே வாரப் பத்தியில் ஒரு திருட்டைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாக நிறையப் பேர் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும் — அது திருட்டே இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு கேம்பர் டிரெய்லர் இருக்கிறது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன அறை. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்பு வைக்க மேடை. கல்வராயன் மலையில், கரியாலூர் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, குளிரில் டீ போட்டுக் குடிக்கலாம் என்று ஆசைப்பட்டு பெங்களூரில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எத்தனை முறை போனேன்? இரண்டு முறை. மலைப்பாதை வளைவுகளில் அதை இழுத்துக்கொண்டு ஏறியபோது என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது.

அதோடு வண்டி நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சியில் என் தெருவில் பைக் திரும்பவே இடம் கிடையாது. தியாகதுருகம் போகிற வழியில் எனக்கு ஒரு காலி மனை உண்டு. சுற்றிலும் கரும்பும் மக்காச்சோளமும். அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். மரம் கிடையாது, கூரை கிடையாது. வெயில் மட்டும் தாராளம்.

வெயிலில் நிற்கிற வண்டி எப்படிச் சாகும் தெரியுமா? மெதுவாக. ஜன்னலைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, உள்ளே பலகை உப்பும். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமலே டயர் பக்கவாட்டில் கீறல் விடும். பெயின்ட்டைத் தொட்டால் விபூதி மாதிரி கையில் ஒட்டும். முதலில் ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட் வாங்கிப் போர்த்தினேன். இரண்டே மாதம்... நார் நாராகப் பிரிந்து கரும்புக் காட்டில் பறந்தது.

பிறகுதான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற சேகரிடம் போனேன். அளவெடுத்து, வெள்ளி நிறத் தார்ப்பாயில் வண்டிக்கு ஒரு சட்டையே தைத்துக் கொடுத்தார்.

"சார், கூரை முனையில எல்லாம் பழைய துணி சுத்திட்டு இத மேல போடுங்க. இல்லன்னா ஒரசி ஒரசியே கிழிஞ்சிடும். கயித்த நல்லா இழுத்துக் கட்டுங்க. லூசா வுட்டா காத்து பூந்துக்கும்" என்றார்.

தலையாட்டினேன். வீட்டில் பழைய துணி தேடச் சோம்பல். அப்படியே போர்த்தி, காரில் கிடந்த கயிற்றால் கட்டிவிட்டு வந்தேன்.

என் மனையை ஒட்டி ஒரு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் ஆடு கட்ட ஒரு சின்னக் கொட்டாய். அங்கே இருப்பவர் பச்சையம்மாள். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை. களையெடுப்பு, கரும்பு வெட்டு என்று கூலி வேலைக்குப் போகிறவர். "வண்டிய கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். "நான் எங்க சார் போறேன், இங்கதான் இருக்கறேன்" என்றார்.

போன மாதம் ஒரு நாள் மதியம் பயங்கரக் காற்று, மழை. மறுநாள் சாயந்திரம் போய்ப் பார்த்தேன். தூறல் விடவில்லை. வண்டியின் ஒரு பக்கம் அம்மணமாக நின்றது. தார்ப்பாயில் பெரிய துண்டு ஒன்றைக் காணோம். விளிம்பு, ஸ்கேல் வைத்து வெட்டினது போல் நேராக இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன் — பச்சையம்மாளின் ஆட்டுக் கொட்டாய் மேல் வெள்ளி நிறத்தில் மின்னுகிறது அந்தத் துண்டு.

களையெடுத்துவிட்டு ஏழெட்டுப் பெண்கள் அந்த வழியாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் நான் குரலைக் குறைக்கவில்லை.

"ஏம்மா, கேட்டிருந்தா நானே ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பேனே. இப்படி வெட்டி எடுக்கணுமா?"

திருடி என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த வார்த்தை அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்கத் தெரிந்தவன் நான். எழுதிப் பிழைக்கிறவன் அல்லவா?

பச்சையம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா சார் சொல்றீங்க? நானா வெட்டனேன்? காத்துல பிச்சிகினு வந்து கரும்புல கெடந்துச்சி. உங்களாண்ட குடுக்கலாம்னுதான் எடுத்தாந்தேன். ஆடு குட்டி போட்டு மூணு நாளுதான் ஆவுது, மழையும் வுடல, அதான் மேல போட்டேன். நேத்து காத்து அடிக்க சொல்லோ நான்..."

"காத்து இவ்ளோ நேரா வெட்டுமா?" என்றேன்.

பேச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு கழியால் தள்ளித் துண்டைக் கீழே இறக்கினார். தண்ணீரை உதறி, மடித்து, தூறலில் நின்றபடி என் கையில் கொடுத்தார். கொட்டாய்க்குள் இரண்டு குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டின. பார்த்தேன். பார்த்துவிட்டும் துண்டை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதோடு விட்டேனா? அந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டது! 'என் வண்டியின் சட்டையை ஆடு போட்டுக்கொண்டது' என்று ஆரம்பித்து எழுதினேன். பெயர் போடவில்லை. தியாகதுருகம் சாலை, காலி மனை, ஆட்டுக் கொட்டாய் என்று மட்டும் போட்டேன். அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் வேறு வேண்டுமா?

போன வாரம்தான் அந்தத் துண்டை ஒட்டுப் போட சேகரிடம் எடுத்துப் போனேன். அவர் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெட்டிட்டாங்கன்னு யாரு சார் சொன்னது?"

"நேரா இருக்கே?"

"இது தையல் சார். ரெண்டு பட்டைய சேத்து நான்தான் தெச்சேன். ஊசி போன ஓட்டை வரிசையா தெரியுது பாருங்க. நூலு வெயில்ல இத்துப் போயி பிரிஞ்சிருக்குது. வெயில் தாங்கற நூலு வர நாலு நாளாவும், இருங்கன்னேன். நீங்கதான் அவசரம், இருக்கறதுல தெய்யின்னீங்க."

துண்டின் மூலையைத் திருப்பினார். அங்கே தேய்ந்து தேய்ந்து சல்லடையாகியிருந்தது. "முனையில துணி சுத்தலையா சார்?"

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. துண்டைத் திரும்ப டிக்கியில் போட்டுக்கொண்டு நேராக மனைக்குப் போனேன்.

வண்டியைச் சுற்றி வந்தேன். அவ்வளவு காற்றில் மீதித் தார்ப்பாய் எப்படி நின்றது? அப்போதுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது. நான் கட்டிய கயிறு அறுந்து தொங்கியது. மற்ற மூன்று மூலைகளிலும் இருந்தது என் கயிறே இல்லை. ஒன்றில் ஆடு கட்டுகிற கயிறு. இரண்டில் பழைய நூல் புடவையைக் கிழித்து முறுக்கிய பட்டை. அசைக்க முடியாத இறுக்கம். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே கட்டிய முடிச்சுகள். 'காத்து அடிக்க சொல்லோ நான்' என்று அவர் சொல்ல வந்தது இதைத்தான். நான் முடிக்க விடவில்லை.

பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மதியம். சுற்றிலும் யாரும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — யாரும் இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

"தப்பு என்னுதும்மா. தையல் பிரிஞ்சிருக்கு. தெரியாம பேசிட்டேன்."

அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலமா வாங்க சார்."

"எதுக்கும்மா?"

"அவுங்கல்லாம் வேலைய முடிச்சிகினு இந்த வழியாதான் வருவாங்க. அவுங்க முன்னாடிதான கேட்டீங்க? அவுங்க முன்னாடியே சொல்லுங்க."

இன்னொன்றும் சொன்னார். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தின் சொந்தக்காரர் டவுனில் இருக்கிறார். அவருடைய மோட்டார் கொட்டாய் சாவி ஆறு வருஷமாக இவரிடம்தான் இருந்ததாம். கரன்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவது இவர் வேலை. "நீங்க பேப்பர்ல எழுதனத படிச்சிட்டு வந்து சாவிய வாங்கிகினு பூட்டாரு. ஒயரு, ஸ்டார்ட்டரு எல்லாம் இருக்குது, எதுக்கு வம்புன்னாரு. ஆறு வருசத்துல ஒரு போல்ட்டு காணாம போனதில்ல சார்."

சாயந்திரம் வரை காரிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

பெண்கள் வந்தார்கள். எதிரில் போய் நின்று சொன்னேன். குரல் எழும்பவில்லை. ஒரு அம்மா காதருகே கையை வைத்துக்கொண்டு, "இன்னாவாம்? சத்தமா சொல்லச் சொல்லு" என்றார். திட்டுவதற்கு மட்டும் எனக்குச் சத்தம் எங்கிருந்து வந்தது? மறுபடியும், சத்தமாகச் சொன்னேன். தார்ப்பாயை யாரும் வெட்டவில்லை. மீதியைக் காப்பாற்றிக் கட்டியதே இவர்தான். நான் சொன்னது அபாண்டம்.

"அவ அப்படியாப்பட்டவ இல்லன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியல" என்றாள் ஒருத்தி. நடந்து போய்விட்டார்கள்.

டிக்கியில் இருந்த துண்டை எடுத்துப் பச்சையம்மாளிடம் நீட்டினேன். "ஆட்டுக் கொட்டாய்க்கு வச்சுக்கோங்கம்மா."

"வேணாம் சார்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. வண்டிய வேற எங்கனா வுட்டுடுங்க. காத்து அடிச்சாலே பயமா இருக்குது. இன்னா பறக்குமோ, நீங்க வந்து இன்னா கேப்பீங்களோ."

மனை என்னுடையதுதான். ஆனால் அதற்கு மேல் அங்கே நிற்க எனக்கு முகம் இல்லை. மறுநாளே இழுத்துக்கொண்டு வந்தேன். இப்போது நண்பர் ஒருவரின் குடோனை ஒட்டித் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது. டயருக்கு அடியில் பலகை. முனைகளில் பழைய பனியன் துணி. சேகர் புது நூலில் தைத்துக் கொடுத்ததை இழுத்துக் கட்டினேன். மொத்தமும் ஒரு மணி நேர வேலை. ஒரே ஒரு மணி நேரம்...

வண்டியை இழுத்து வந்த அன்றைக்கே கரும்புத் தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாராவாரம் என்னைப் படிப்பவராம். காபி வந்தது. "நல்ல நேரத்துல எழுதனீங்க சார். நானும் உஷாராயிட்டேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீங்க எரக்கப்பட்டு சொல்றீங்க. புரியுதுங்க."

"இல்லைங்க. நான் எழுதினதே தப்பு."

"தப்பா இருந்தா பேப்பர்ல எப்படி சார் வரும்?"

இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"சரி, தப்புன்னு நீங்களே எழுதுங்க. படிச்சிட்டு பாக்கலாம்" என்றார்.

பச்சையம்மாளிடம் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். "போடுங்க. அன்னிக்கி போடாமயே எல்லாருக்கும் தெரிஞ்சிச்சே" என்றார்.

தோட்டத்துக்கார ஐயா, எழுதிவிட்டேன். படித்து முடித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.