கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது

ஜோகுபாளையம் வீட்டில், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த மகளுக்கு உப்பும் சீனியும் கரைத்து, பழைய பழக்கத்தில் ஒரு சொட்டை என் நாக்கில் வைத்துப் பார்த்தேன். வன்னியில் எங்கள் மாதா கோயில் மண்டபம் கண்முன் வந்து நின்றது.

போர்க்காலம். மருந்து கிடைக்காது. பூசை முடிந்ததும் கன்னியாஸ்திரி ஒருவர் பிள்ளைகளுக்கு இந்தக் கரைசலைக் கலக்கப் பழக்குவார். "கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. ருசிச்சுப் பாருங்கோ."

"கண்ணீர் எப்பிடிக் கரிக்கும் எண்டு மறந்துபோச்சு, சிஸ்டர்," என்றாள் என் தோழி ஜெனிற்றா. தம்பி ஷெல்லடியில் இறந்த நாளிலிருந்து அவள் அழவேயில்லை.

சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப முதல்ல அழுவம், பிள்ளை. பிறகு கலக்கலாம்."

அன்று ஜெனிற்றாவைக் கட்டிக்கொண்டு மண்டபமே அழுதது.

"மெடிக்கல்ல பாக்கெட்டே கிடைக்குதேம்மா, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றாள் படுத்திருந்த மகள்.

உண்மைதான். மருந்துக்கடை தெருமுனையிலேயே இருக்கிறது. சேர்ந்து அழ ஜெனிற்றாதான் இல்லை.