நங்கநல்லூர் கிணற்றுக் கல்

சண்முகவடிவு பிறந்தது 1953இல், கோவில்பட்டியில். மணமாகிச் சென்னைக்கு வந்தது 1974இல். கணவர் கனகராஜ், கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. மந்தைவெளியில் வாடகை வீடு. இன்றும் அதே வீடுதான். என் தந்தையின் தங்கை, எனக்கு அத்தை.

1986இல் இருவரும் நங்கநல்லூரில் அரை கிரவுண்டு மனை வாங்கி, முதல் வேலையாகக் கிணறு தோண்டினார்கள். செம்மண்ணும் சரளையுமாக மேலே வந்த கூடையொன்றில், கைக்கு அடக்கமான கல் ஒன்று கிடந்தது. மாமா அதைக் கழுவி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்து, "நம்ம வீட்டுலருந்து வந்த மொத சாமான்" என்று அத்தையிடம் கொடுத்தார். மறு ஆண்டு அவருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. மருத்துவச் செலவுக்கு மனை போயிற்று. அதற்கடுத்த ஆண்டு மாமாவும் போனார். கட்டாத அந்த வீட்டிலிருந்து வந்த சாமான் அது ஒன்றுதான்.

அத்தை இஞ்சி தட்டியதும் மிளகு பொடித்ததும் அந்தக் கல்லால்தான். சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் பிள்ளைகளான நாங்கள் மாடிப்படி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்கும். ஏலக்காய்க்கு ஒரு தட்டு, சுக்குக்கு வேறொரு தட்டு. என்ன கிடைக்கப்போகிறது என்பது படியிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

2024இல் மேல்வீட்டுக்குக் குடிவந்த மஹ்விஷ், தொல்லியலில் ஆய்வு செய்யும் பெண். கறிவேப்பிலை கேட்டு வந்தவள் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அவுக இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கலட்டி" என்றார் அத்தை.

"ஆன்ட்டி, ரெண்டு முனையிலயும் பொடிப்பொடியா குழி இருக்கு பாருங்க. ஆதி மனுஷன் கல்லால கல்லை அடிச்சு ஆயுதம் செஞ்சான்ல, அந்தச் சுத்தியல் மாதிரி இருக்கு. எங்க சார் பாத்தா விடவே மாட்டாரு. குடுப்பீங்களா?"

அத்தை ஒரு வாரம் அந்தக் கல்லாலேயே இஞ்சி தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கப்புறம் எவனாச்சும் தெருவுல வீசுவான். படிக்கிற புள்ளைக கையில இருக்கட்டும்" என்றார். மயிலாப்பூருக்குப் போய், கல்லுக்குப் பதிலாக இஞ்சி தட்ட இரும்பு உரல் ஒன்றும் வாங்கிவந்தார்.

அம்மியோ குழவியோ பிறர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், கொத்திக் கொடுப்பதுதான் எங்கள் குடும்பத்து மரியாதை. மழுங்கிய கல்லைக் கொடுப்பது ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுப்பதற்குச் சமம். மறுநாள் அம்மி கொத்துபவர் தெருவில் வந்தார்.

"இன்னாம்மா, இத்தினூண்டு கல்லுக்குக் கொத்தா?"

"நல்லாக் கொத்துங்க. பெரிய எடத்துக்குப் போவுது."

அவர் ஓரிடம் விடாமல் கொத்திக் கொடுத்தார். அத்தை கல்லைக் கழுவி மஞ்சள் தடவிக் காயவைத்தார்.

பஞ்சும் பெட்டியுமாக வந்த மஹ்விஷ் வாசலிலேயே நின்றுவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க! அந்தக் குழிங்கதான் சாட்சியே!"

இருந்தும் பேராசிரியரிடம் எடுத்துச் சென்றாள். உளித் தடத்துக்கு அடியில் பழைய தடம் எதையும் உறுதியாகக் காண முடியவில்லை என்று அவர் திருப்பி அனுப்பினார்.

"யாருக்கும் ஒதவாம ஆக்கிட்டேனே. அவுக குடுத்த கல்லு" என்று அத்தை அழுதார்.

"விடுங்க ஆன்ட்டி. அந்தக் காலத்து ஆளும் மழுங்கிப்போனா கொத்தித்தான் வெச்சிருப்பான்" என்றாள் மஹ்விஷ். அழுகையினூடே அத்தை சிரித்துவிட்டார்.

பிரிய மனமில்லாமல் வேண்டுமென்றே கெடுத்தார் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். அது தவறு. கொடுப்பதற்கு மனம் ஒப்பியிராவிட்டால் அவர் உரல் வாங்கியிருக்க மாட்டார். அந்த உரலை மஹ்விஷிடம் கொடுத்துவிட்டார். கல்லைத் தானே வைத்துக்கொண்டார்.

மாமாவோடு அவர் வாழ்ந்தது பதினான்கு ஆண்டுகள். கல்லோடு, அந்த ஆண்டு வரை, முப்பத்தெட்டு.