சக்கரத்துக்குப் பூசிய கறுப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் பெண் நான். கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் என்னை அங்கே கொண்டுசேர்த்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

அப்போது கல்கத்தாவில் அலிப்பூர் பக்கம் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்துக் குதிரை வண்டி எங்கள் தெருவரை வராது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் சித்தப்பா அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். பக்கத்தில் தொட்டி மாதிரி ஒரு இருக்கை இருந்தது. பள்ளி திறப்பதற்குள் வண்டியைச் சரிசெய்துவிட்டால் அதில் வைத்துத் தானே கொண்டுவிடுவதாகச் சொன்னார்.

எஞ்சின் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டது. சக்கரங்கள்தான் ஒரே துரு. சித்தப்பா கம்பிகளைக் கழற்றி, வளையத்தைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். உள்ளிருந்து சாம்பல் நிறத்தில் புது இரும்பு வெளிப்பட்டது. மறுநாள் காலையில் மறுபடியும் சிவப்பு. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காற்றிலிருந்து என்றார். அன்று முழுவதும் காற்றில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயக் கலாய் பூசுவதுபோல் சக்கரத்துக்கும் பூசிவிட்டால் துரு ஏறாது, வெள்ளியாக மின்னும் என்று சித்தப்பா முடிவு செய்தார். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"பளபளன்னு வண்டியில பொண்ண வச்சு ஊர்வலம் விடறதுன்னா, பள்ளிக்கூடமே வேண்டாம்."

சித்தப்பா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். அம்மா எடுத்துக்கொள்ளவில்லை.

சக்கரங்களை எடுத்துப்போகக் கிடர்பூரிலிருந்து ஒரு பூச்சுவேலை மிஸ்திரி வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, சித்தப்பாவுக்கு வங்காளி வராது. காய்காரர்களோடு பேரம் பேசியே வங்காளி கற்றவள் அம்மா; பக்கத்தில் நின்று கேட்டு எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது.

"நன்னா மின்னணும்னு சொல்லுங்கோ மன்னி" என்றார் சித்தப்பா.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி மிஸ்திரியிடம் சொன்னாள். கலாய்க்கு வங்காளியில் கொலாய். அம்மா சொன்னதோ காலோ, அதாவது கறுப்பு. மிஸ்திரி சந்தேகமாகத் திருப்பிக் கேட்டார். "ஏக்தொம் காலோ" என்றாள் அம்மா, நிதானமாக. சுத்தக் கறுப்பு. நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"பால் பொங்கறது, போய்ப் பாரு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அடுப்பில் பாலே இல்லை.

சக்கரங்கள் சூளையில் சுட்ட கறுப்போடு திரும்பி வந்தன. சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மிஸ்திரிக்குக் காது மந்தம்போல இருக்கிறது என்று அம்மா வருத்தப்பட்டாள். அப்பா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது பரவாயில்லை. யார் கண்ணையும் உறுத்தாது. போய்ட்டு வரட்டும்."

மாற்றிப் பூச நாளும் இல்லை. நான் கறுப்புச் சக்கரத்தில் பள்ளிக்கூடம் போனேன். அந்த மழைக்காலம் முழுவதும் அதில் துரு ஏறவில்லை.

கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், அம்மாவின் பிழையைத் திருத்துவது என் கடமை என்று தோன்றியது. அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் போய், காலோ வேறு, கொலாய் வேறு, அன்றைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டாய் என்றேன்.

"அப்படியாடி? நேக்கென்ன தெரியும். நீ படிச்சவ, சொல்லிக்குடு."

இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். அம்மா பிசகாமல் சொன்னாள். இத்தனை சுலபமான பாடத்துக்கு அவளுக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.