பீரோ மேல் கிடந்த சாலை

செஞ்சியில் வீட்டுமனை வாங்க முடிவு செய்ததும் எல்லாம் முறைப்படி செய்தோம். வாஸ்து பார்த்தோம். மேல்மலையனூர் அம்மன் காலடியில் பத்திர நகலை வைத்துக் கும்பிட்டோம். பதிவுக்கு முதல் நாள், அந்தப் பக்கம் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று கேட்கப் பேரூராட்சி அலுவலகம் போனேன். சர்வே எண்ணைக் கேட்ட ஊழியர், பீரோ மேலிருந்த ஊர் வளர்ச்சித் திட்ட வரைபடத்தை எடுத்து, தூசி தட்டி விரித்தார். எங்கள் மனைக்கு நட்டநடுவே, வரப்போகும் அறுபதடிச் சாலை!

"இத ஏன் சார் வெளியில ஒட்டல?" என்றேன்.

"யாரும் வந்து கேக்கலியேம்மா" என்றார் நிதானமாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருப்பதே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பதாம்?

மனை வேண்டாமென்று விட்டுவிட்டோம். இப்போதெல்லாம் தெரிந்தவர்கள் யார் மனை பார்த்தாலும், வாஸ்துவுக்கு முன்னால் அந்த ஊழியரிடம்தான் அழைத்துப் போகிறேன். பாவம், வரைபடத்தைத் திரும்பப் பீரோ மேல் ஏற்ற அவருக்கு நேரமே இல்லை. மேசையிலேயே விரிந்து கிடக்கிறது.