முதலில் போன் அடித்தவர்

வலைத்தளம் வடிவமைக்கும் அந்த அம்மாவின் அலுவலகம் பாலக்கரையில் ஒரு மாடியில் இருந்தது. தலைமேல் ஒரு மூக்குக் கண்ணாடி, கழுத்தில் தொங்குவது இன்னொன்று, மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் ஸ்ரீரங்கத்தில் வயலின் கற்றுத் தருகிறேன். புது மாணவர்கள் வருவது நின்றுபோனதால், என் பழைய வலைத்தளத்தைப் புதுப்பிக்க யோசனை கேட்டுப் போயிருந்தேன்.

"பின்னணிக்கு மயில்நீலம் போடலாமா?" என்றேன்.

அவர் தளத்திலிருந்த எண்ணுக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டார். யார் தளமானாலும் முதலில் அப்படித்தான் செய்வாராம். என் சட்டைப்பையில் சத்தமே இல்லை. எண்ணை மாற்றிய நான் அதைத் தளத்தில் மாற்றியிருக்கவில்லை.

யாரோ ஒருவர் எடுத்தார். "வயலின் சாருக்கா? இது இப்ப என் நம்பருங்க. நான் தொட்டியத்துல வாழைக்காய் வியாபாரம் பண்றேன். ஆனா சார் ரொம்ப நல்லா சொல்லித் தருவாராம், போன் பண்றவங்கல்லாம் சொல்றாங்க. விட்டுடாதீங்க, ஸ்ரீரங்கத்துல நேர்ல போய் விசாரிங்க."

அந்த அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாளா உங்க வெப்சைட் அவருதான் சார்."

மயில்நீலத்தைப் பற்றி நான் மறுபடி வாயே திறக்கவில்லை.