கற்பூரம் விழுந்த இடத்தில் பெட்ரோல்

அன்று ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் நான், அம்மா, அக்கா வீட்டுக்காரர் மூவரும் இருந்தோம்; அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். ஆறு வருடமாக நின்றுபோயிருந்த அவருடைய அம்பாசிடரோடு பல ஞாயிறுகள் மாரடித்து, ஒருவழியாக ஸ்டார்ட் செய்துவிட்டோம். அம்மா உடனே பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"அத்தே, கிட்ட வராதீங்க, பெட்ரோல் நாத்தம் அடிக்குது!" என்று மாமா கத்தினார்.

"சாமி காரியத்துல இன்னா விளையாட்டு மாப்ளே?" என்று அம்மா சுற்ற ஆரம்பித்தார். கற்பூரக் கட்டி ஒன்று நழுவி விழுந்ததும், தரையில் குப்பென்று தீ பிடித்து, வண்டியின் முன்பக்கத்திலும் ஏறியது. மாமா அம்மாவை இழுத்துத் தள்ளினார். நான் மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினேன். அம்மாவுக்குப் புடவை ஓரம் கருகியதோடு போயிற்று.

நைந்துபோன பெட்ரோல் குழாயிலிருந்து ஒழுகியதை நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் நின்ற வண்டி எதுவானாலும், குழாயை மாற்றாமல் சாவியைத் தொடுவதில்லை. எரிந்த வயரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு நாலாயிரத்து இருநூறு ரூபாய்.